இரண்டு பாஸும் ஒரு அடுப்பும்

கோயமுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் அண்ணன் அனுப்பிய அடுப்பு, ஒரு வாரமாக எங்கள் கூடத்தில் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நாலு பர்னர், மேலே பளபளவென்று கறுப்புக் கண்ணாடி. மேடைமேல் வைக்கிற அடுப்பு அல்ல; மேடையை வெட்டி உள்ளே பதிக்கிற அடுப்பு. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் சந்துரு மட்டும் பார்க்காத மாதிரி சுற்றிக்கொண்டு போவார். போகும்போது காலில் இடித்துக்கொள்வார். இடித்துக்கொள்ளட்டும் என்று நானும் பெட்டியை நகர்த்தவில்லை.

எதற்குப் பதிக்கிற அடுப்பு என்று கேட்பீர்கள். எங்கள் வீடு அருவங்காட்டுக்கு மேலே, ஏதோ ஒரு துரை கட்டியது. சமையலறையின் ஒரு சுவர் முழுக்கத் தேக்கில் அலமாரி. கீழே இழுப்பறைகளும் கதவுகளும் வைத்த மேடை, மேலே சுவரோடு சேர்த்த தட்டுகள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் துரைசாணி அங்கே ஒரு நாளும் சமைத்ததில்லை. சமையல் எல்லாம் பின்னால் தனிக் கொட்டகையில். இது தட்டு அடுக்க மட்டும் கட்டிய அறை. அதனால் மேல் அலமாரி மூஞ்சிக்கு நேரே தொங்கும். மேடைமேல் அடுப்பு, அடுப்புமேல் பெரிய போசி வைத்தால் மூடியைத் திறக்க இடம் இருக்காது. சாம்பாரைக் கிண்ட வேண்டுமானால் போசியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் கரண்டியை நுழைக்க வேண்டும். இத்தனை வருடம் அப்படித்தான் கிண்டினேன். என் வலது தோள்பட்டையைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லும்.

அது தேயிலைக்குக் கெட்ட காலம். பச்சை இலைக்கு விலையே இல்லை. பறித்தால் கூலிக்குக் கட்டாது என்று பலபேர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடியெல்லாம் ஆள் உயரத்துக்கு மரமாகிப் பூத்து நின்றது. என் மாமனார் லிங்கசாமியின் தூள் வியாபாரம் படுத்துவிட்டது. குன்னூரில் தேயிலை ஏல ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்த சந்துருவை, வாரத்தில் பாதி நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். வேலையைவிட்டு நிறுத்தியிருந்தாலாவது அவர் சண்டை போட்டிருப்பார். பாதி நாள் என்றதும் மனிதர் பாதியாகிவிட்டார்.

மலையில் இருப்பவர்களுக்குச் சமவெளி முழுவதும் ஒரே ஊர்தான். அதன் பெயர் கீழே. "கீழ போயிரலாம் ஸ்ரீமதி, ஊட்ட வித்துட்டுக் கீழ போயிரலாம்" என்று சந்துரு சாப்பிடும்போது சொல்வார், படுக்கும்போது சொல்வார். நான் பொள்ளாச்சிக்காரி. கீழே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு இந்தக் குளிர் பிடித்திருக்கிறது, இந்த வீடு பிடித்திருக்கிறது, இங்கே எனக்கென்று ஒரு பெயரும் கிடைக்க ஆரம்பித்திருந்தது. சாப்பாட்டுக்காரம்மா என்பதுதான் அந்தப் பெயர்.

அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. தேயிலை ஏறினாலும் இறங்கினாலும் அந்தக் குவார்ட்டர்ஸில் மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளும், தனியாக இருக்கிற ஆட்களுமாகச் சிலபேருக்கு நான் மதியச் சாப்பாடு கேரியரில் அனுப்பிக்கொண்டிருந்தேன். என் கொள்ளு ரசம் குடித்துவிட்டு இன்னும் நாலு பிளாக் ஆட்கள் கேட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து தருகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். ரெண்டு பர்னரை வைத்துக்கொண்டு, போசியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அத்தனை பேருக்குச் சமைக்க முடியாது. ஆக, அடுப்பு உட்கார்ந்தால் நாங்களும் இங்கே உட்காரலாம். இல்லையென்றால் கீழே.

வீடு மாமனார் பெயரில் இருந்தது. அவர் தங்கமான மனிதர். ஆனால் கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார். நான் பேசினால், "சரி அம்மிணி, அடுப்ப வெச்சுரு" என்பார். சந்துரு பேசினால், "சரி கண்ணு, கீழ போயிரலாம்" என்பார். அவருடைய கடைசிச் 'சரி' யாருக்கு என்பதுதான் எங்கள் வீட்டில் நடந்த போட்டி.

குன்னூரிலிருந்து ஒரு தச்சர் வந்து பார்த்து, அலமாரியையே பெயர்த்துவிடலாம் என்றார். அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். இன்னொருவர் இழுப்பறையைத் திறந்து மூடிப் பார்த்து, அடுப்பின் வயிறு இதில் இடிக்கும், ஆகாது என்றார். அவருக்கு டீயும் கொடுக்கவில்லை.

எதிர்த் தோட்டத்தில் இலை பறித்துக்கொண்டிருந்த தெய்வம்மாவிடம் இதைப் புலம்பினேன். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பம். "எங்க லயத்து வீட்டு வரிசையில ஒரு பாஸ் இருக்காரும்மா. கண்டிப் பக்கம் பங்களாவுக்கெல்லாம் வேல செஞ்சவரு. ஞாயித்துக்கிழம அனுப்புறேன்" என்றாள்.

"பாஸா? எனக்கு முதலாளி எதுக்குங்க, தச்சர்தானே வேணும்?"

அவள் சிரித்தாள். "தச்சரத்தாம்மா நாங்க பாஸுன்னு சொல்றது. அங்க மேசனும் பாஸ், தச்சனும் பாஸ்."

எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. வேலை தெரிந்தவனை முதலாளி என்று கூப்பிடுகிற ஊர் நல்ல ஊராகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்கே வாயில் போட்டுப் பழகிக்கொண்டேன். பாஸ் வருவார், பாஸ் பார்த்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை. தை மாதத்து உறைபனி புல்லின்மேல் வெள்ளையாகக் கிடந்தது. கேரியர் கிடையாது, பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள், மாமனார் பேப்பர் படிக்க டீக்கடைக்குப் போயிருந்தார். சந்துரு குன்னூரில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பிவிட்டார். யாரை என்று கேட்டதற்கு, "ஒருத்தரை" என்றார். நானும் வேலை விஷயமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால், குரங்குக் குல்லாய் போட்ட ஒரு ஆள் எங்கள் வேலியோரம் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். நல்ல ஸ்வெட்டர், கனத்த உடம்பு. தச்சர் எதற்கு வேலியை அளக்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது. வேலை மேல் அத்தனை ஆசை போலிருக்கிறது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்வதில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

கதவைத் திறந்தேன். "ஏனுங்க, பாஸுங்களா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு மெல்லச் சிரித்தார். "ஆமாங்க. கம்பெனில அப்படித்தான் கூப்புடறாங்க. சார் சொல்லியிருந்தாருங்களா?"

"எல்லாஞ் சொன்னாங்க. இத்தன நேரமாங்க வர்றதுக்கு? வேலி எங்கியும் ஓடிப் போகாது, உள்ள வாங்க. அளக்க வேண்டியது சமையலறையிலதான் இருக்குது."

"அங்கிருந்தே ஆரம்பிக்கச் சொல்றீங்களா?"

"பின்ன? அதுதானுங்க முக்கியம்."

பேச்சு அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சாக இருந்தது. இலங்கையிலிருந்து வந்து இத்தனை வருடத்தில் மாறியிருக்கும் என்று அதற்கும் பதில் வைத்திருந்தேன். பெயர் கேட்டேன். மயில்சாமி என்றார். அடுப்பைப் பெட்டியிலிருந்து எடுக்க ஒரு கை பிடிக்கச் சொன்னேன், பிடித்தார். மேடையைக் காட்டி, மேல் அலமாரியைக் காட்டி, போசியைச் சாய்த்துக் கிண்டுவது எப்படி என்று நடித்தும் காட்டினேன். மனிதர் குல்லாயைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அம்மிணி, பழைய பேப்பர் இருக்குதுங்களா? நல்ல கத்தரியும் வேணும். அளவுன்னு வந்துட்டா என்னால சும்மா நிக்க முடியாதுங்க. நானெல்லாம் கட்டிங் மாஸ்டராயிருந்து வந்தவன்."

தச்சரில் கட்டிங் மாஸ்டர் என்று தனியாக இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் அடுப்பைக் கவிழ்த்து வைத்துப் பேப்பரை விரித்து, மூலை வளைவோடு அப்படியே வெட்டி எடுத்தார். கத்தரி நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓடியது. அந்தப் பேப்பரை மேடைமேல் வைத்து, சுண்ணாம்புக் கட்டியால் சுற்றிக் கோடு போட்டார். பிறகு அந்தக் கோட்டுக்கு வெளியே அரை விரல் தள்ளி இன்னொரு கோடு.

"இது எதுக்குங்க?"

"தையலுக்கு உடறதுங்க. பத்தலீன்னா ஒட்டுப் போட முடியாது பாருங்க."

பிறகு கீழ்க் கதவைத் திறந்து, பாதி உடம்பை உள்ளே விட்டுக்கொண்டு பலகையைத் தட்டிப் பார்த்தார். நான் டார்ச் பிடித்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சுத்தமான தேக்குங்க அம்மிணி. ஊட்ட இடிக்கறப்ப இதை மட்டும் பதனமாக் கழட்டி வெக்கோணும். சந்துரு சார்கிட்டச் சொல்லிருங்க."

டார்ச்சை இன்னும் கிட்டத்தில் பிடித்தேன்.

"ஊட்ட இடிச்சுட்டு?" என்று கேட்டேன். குரல் எப்படியோ சாதாரணமாக வந்தது.

"காட்டேஜுங்க. வரிசையா ஆறு. திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கறவன் வருசம் பூரா வேகற வெயில்ல கெடக்கறேன், மலையில ஒண்ணு வேணுமில்லீங்களா? சார் மத்தியானம் கூட்டியாரேன்னாரு. விக்கறவங்க காட்றதுக்கு முந்தி நாமளே பாத்துரோணும்னு விடியறப்பவே வண்டியெடுத்துட்டேன். வளைவுல நிக்குது." கொஞ்ச நேரம் பலகையைத் தட்டும் சத்தம். "ஏனுங்க, எப்படியும் போற ஊட்டுக்கு எதுக்குங்க புது அடுப்பு?"

"போற வரைக்கும் சாப்புடோணுமில்லீங்களா?" என்றேன்.

"அதுவுஞ் சரிதான்" என்றார் அலமாரிக்குள்ளிருந்து.

எனக்கு வந்த கோபத்தில் அப்படியே கதவைச் சாத்தி அவரை உள்ளே வைத்துப் பூட்டியிருப்பேன். ஆனால் கோபம் அவர்மேல் இல்லை. சந்துரு என்னிடம் சொல்லியே விற்றிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், தோற்றும் போயிருப்பேன். என் கைக்கு வாகாக நான் ஒரு சமையலறையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, எனக்குத் தெரியாமல் அதை இடிக்க ஆள் பேசியதைத்தான் பொறுக்க முடியவில்லை. 'ஒருத்தரை' என்றாரே, அந்த ஒருத்தர் என் மேடைக்கடியில் கால் நீட்டிப் படுத்திருந்தார்.

அழுகிற நேரம் அது இல்லை. நான் யோசித்தேன். அலமாரிக்கு வெளியே தெரிந்த அவருடைய சாக்ஸ் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். கோபம் வந்தால் என் மூளை நன்றாக வேலை செய்யும்.

அப்போது வாசலில் யாரோ கனைத்தார்கள். கையில் ரம்பம், தோளில் பை, காதில் பென்சில் செருகிய ஒல்லியான ஒரு பெரியவர். "அம்மா, தெய்வம்மா அனுப்புனா. நான் ராஜரத்தினம். பாஸு. அடுப்பு பதிக்கணுமாமே, குசினி எந்தப் பக்கம்?"

மயில்சாமி அலமாரியிலிருந்து தலையை எடுத்தார். "இவரு பாஸுங்களா? அப்ப நானு?"

"நீங்களும் பாஸுதானுங்க" என்றேன். "தச்சரை இவங்க பாஸும்பாங்க. நீங்க தச்சருன்னு நெனச்சுப்போட்டேன்."

மனிதர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். தன் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்த எனக்கு உயிர் வந்தது. "பதினஞ்சு வருசமாச்சுங்க அம்மிணி, என்னைய ஒருத்தர் வேல வாங்கி" என்றார்.

ராஜரத்தினம் பாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மேடைமேல் இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத யாரு கீறினது?"

"நானுங்க" என்றார் மயில்சாமி.

"எதுக்கு இந்த வெளிக் கோடு?"

"தையலுக்கு உட்டதுங்க."

"தையலா? அய்யா, துணி தொளதொளன்னு இருந்தா பெல்ட் போட்டுக்கலாம். இந்த அளவுக்கு வெட்டுனா அடுப்பு தொபுக்குன்னு உள்ள விழுந்துரும். அதோட விளிம்பு நாலு பக்கமும் பலகையில உக்காரணுந்தானே? ஓட்ட அடுப்ப விடச் சின்னதா இருக்கணும்." பேப்பரை எடுத்துப் பார்த்தார். "ஆனா மூல வளைவு நல்லா எடுத்திருக்கீங்க. இத நானே இவ்வளவு சுத்தமா எடுத்திருக்க மாட்டேன். கண்டியில என்னக் கேட்டுட்டுத்தான் பங்களாவுக்குக் கதவே போடுவாங்க, தெரியுமா? நானே சொல்றேன்."

"நானும் திருப்பூர்ல வெட்டுத் துணியில ஒரு சாண் வேஸ்ட் உடாதவனுங்க" என்றார் மயில்சாமி விட்டுக்கொடுக்காமல்.

"இருங்க ரெண்டு பேரும். லீவு நாள் போகுது" என்றேன்.

அதற்கப்புறம் வேலை நடந்ததைப் பார்க்க வேண்டும். பேப்பரின் விளிம்பைச் சுற்றிலும் மடித்து உள்கோடு போட்டார்கள். பாஸ் துளையிட்டு ரம்பத்தை இறக்கினார். மயில்சாமி கீழே பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். மரத்தூள் அவர் ஸ்வெட்டர் முழுக்கக் கொட்டியது. வெட்டிய பலகை முழுசாகக் கையில் வந்தபோது, குழந்தையை வாங்குவதுபோல் வாங்கி வைத்தார். இரண்டாவதாக வந்த தச்சர் சொன்னது மாதிரி அடுப்பின் வயிறு இழுப்பறையில் இடிக்கத்தான் செய்தது.

"இந்த லாச்சிய எடுத்துரட்டா?" என்றார் பாஸ். இழுப்பறைக்கு அவர்கள் பக்கத்துப் பெயர்.

"எடுக்கக் கூடாதுங்க. அது அப்படியே இருக்கோணும்."

"அப்ப ஒண்ணு செய்வோம். லாச்சியப் பதிவாக்குவோம். மேல பாதி அடுப்புக்கு, கீழ பாதி உங்களுக்கு." இழுப்பறையின் உயரத்தைக் குறைத்து, முகப்புப் பலகையை மட்டும் பழையபடி முழுசாக விட்டார். வெளியே நின்று பார்த்தால் துரைசாணி காலத்து அலமாரி. ஒரு கீறல் இல்லை. சிலிண்டர் வைக்கிற பக்கத்துக் கதவின் அடியில், காற்றுப் போக வரிசையாக ஓட்டைகளும் போட்டுக் கொடுத்தார்.

அடுப்பை இறக்கியபோது இரண்டு பாஸும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். விளிம்பு பலகைமேல் மெல்ல உட்கார்ந்தது. என் பெரிய போசியைத் தூக்கி அதன்மேல் வைத்து, மூடியை நேரே மேலே எடுத்தேன். மேல் அலமாரியில் இடிக்கவில்லை. கரண்டியை நட்டமாக விட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். வெறும் போசிதான். ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் முதல் முறையாக அந்தச் சமையலறையில் நான் நிமிர்ந்து நின்றேன்.

அதற்கு மேல் செய்ததை எல்லாம் தெரிந்துதான் செய்தேன். கண்ணாடியைத் துடைத்து, மஞ்சள் குங்குமம் எடுத்து வந்தேன். தோட்டத்திலிருந்து ரெண்டு டேலியா பறித்து வைத்தேன். சின்னப் போசியில் பால் ஊற்றினேன்.

"புது அடுப்புன்னா மொதல்ல பாலுதானுங்களே" என்று மயில்சாமியே சொன்னார்.

"ஆமாங்க. நீங்களே பத்த வெச்சுருங்க. ராசியான கை."

"பாஸு பத்த வெக்கட்டுங்க. வேல அவருதுதானே."

"எனக்கு வேணாம், கையெல்லாம் தூசி" என்றார் ராஜரத்தினம் பாஸ். அவருக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தானாகவே எனக்கு வழிவிட்டார்.

மயில்சாமி கையைக் கழுவி, சாக்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, குமிழைத் திருகித் தீக்குச்சியைக் காட்டினார். உறைபனிக் காலையில் எங்கள் ஊர் சிலிண்டர்கள் லேசில் எழுந்திருக்காது. நீலமாக ஒரு முணுமுணுப்பு வந்து அணைந்தது. இன்னொரு குச்சி. மறுபடியும் அணைந்தது. வெயில் ஜன்னலைத் தாண்டி மெல்லச் சிலிண்டர்மேல் விழும்படி கதவைத் திறந்து வைத்தேன். கொஞ்சம் பொறுத்து அவர் மூன்றாவது குச்சியைக் கிழித்தார். வட்டமாக, அழகாகப் பிடித்துக்கொண்டது.

மலையில் சோறு வேகத்தான் நேரமாகும். பால் சட்டென்று பொங்கிவிடும். நான் குமிழைக் குறைக்கவில்லை. பால் எழுந்து, விளிம்பில் ஒரு நொடி நின்று, ஜன்னல் பக்கமாக வழிந்து கறுப்புக் கண்ணாடிமேல் ஓடியது.

"பொங்கிருச்சா?" என்று வாசலில் குரல் கேட்டது. மாமனார். கையிலிருந்த பேப்பரை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்தார். "எந்தப் பக்கம்மா?"

"கெழக்குங்க மாமா."

அவர் கை கூப்பினார். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

மயில்சாமி கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தார். வழிந்த பாலைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அவரும் எங்கள் பக்கத்து மனிதர். பால் பொங்க வைப்பது எதற்கு என்று அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் குடியேறும் அன்றைக்குத்தான் பாலைப் பொங்க விடுவார்கள். மற்ற நாளில் பொங்கவிட்டால் மாமியார் திட்டுவாள்.

"அம்மிணி" என்றார் மெல்ல. "ஊட்ட விக்கறது உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

"நீங்க இடிக்கோணும்னு சொன்னப்பத்தானுங்க."

"அதுக்கு முந்தி?"

"தெரியாதுங்க."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் சந்துரு மூச்சு வாங்க ஓடிவந்தார். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து, போன் போட்டு, வளைவில் நின்ற காரைப் பார்த்துவிட்டு ஓடிவந்திருக்கிறார். மயில்சாமியின் தலையில் மரத்தூள், மூக்கில் சுண்ணாம்பு. "சார், நீங்க... ஸ்ரீமதி, இவரு யாருன்னு..."

"பாஸுங்க" என்றேன். "அடுப்ப உக்கார வெச்சுக் குடுத்தாரு."

சந்துருவுக்குப் புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் புரிய வேண்டியது புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

மயில்சாமி மாமனாரிடம் திரும்பினார். "ஊடு உங்க பேர்லதானுங்களே இருக்குது. நீங்க சொல்லுங்க."

சந்துரு வாயெடுத்தார். நானும் வாயெடுத்தேன். எங்கள் இருவரில் யார் கடைசியாகப் பேசுவது என்பதில்தானே எல்லாம் இருந்தது. ஆனால் அன்றைக்கு மாமனார் எங்கள் இருவருக்கும் முன்னால் பேசிவிட்டார்.

"பால் பொங்குன ஊட்ட யாருங்க விப்பாங்க?" என்றார். "இந்த ஊட்ட வாங்குனப்ப நான் பால் காய்ச்சலீங்க. தொரை காலத்து ஊடு, அதெல்லாம் எதுக்குன்னு சாமான எறக்கிட்டு உக்காந்துட்டோம். இன்னிக்குத்தான் காய்ச்சியிருக்குது. நாங்க இன்னிக்குத்தான் குடி வந்திருக்கறோம்."

எனக்கு அது புதுச் செய்தி. நான் விரித்த வலை இத்தனை பெரிது என்று எனக்கே தெரியாது.

"பத்த வெச்சது நானுங்க" என்றார் மயில்சாமி. சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை; நிஜமாகவே கும்பிட்டார். "என் கையால பால் பொங்குன ஊட்ட நானே இடிச்சேன்னு தெரிஞ்சா, எங்க ஊட்ல எனக்குச் சோறு போடமாட்டாங்க. நான் வேற எடம் பாத்துக்கறேன். அம்மிணி, அந்த ஆறு காட்டேஜும் எங்கியாவது பக்கத்துல கட்டுவேன். அங்க வர்றவங்களுக்குச் சாப்பாடு உங்களதுதான். இப்பவே சொல்லிட்டேன்."

"அதுக்கு அலமாரி வேல எனக்கு" என்றார் ராஜரத்தினம் பாஸ் உடனே. "கோடு நீங்க கீறலாம். வெளிக் கோடு மட்டும் வேணாம்."

பாலைத் தம்ளர்களில் ஊற்றினேன். மாமனாருக்கு, இரண்டு பாஸுக்கும் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். கடைசித் தம்ளரை மயில்சாமியே எடுத்துச் சந்துருவிடம் நீட்டினார். "குடிங்க சார். புது ஊடு."

சந்துரு வாங்கி ஒரு வாய் குடித்தார். என் பக்கம் பார்க்காமல், "சக்கர இல்ல" என்றார்.

"சக்கர கீழ இருக்குதுங்க" என்றேன். "வேணும்னா நீங்கதான் எறங்கி எடுத்துக்கோணும்."

நான் எதைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அவர் முகம் சிவந்தது. மற்ற மூன்று பேரும் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்து, புது அடுப்புக்கு அடியில் இருந்த லாச்சியின் பிடியைப் பிடித்து மெல்ல இழுத்தார். எங்கும் இடிக்காமல் வந்தது. உள்ளே சர்க்கரை டப்பா இருந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் அவர் தம்ளரில் ரெண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினேன்.